உப்பும் எண்ணெயும்: ஒரு நோயின் அன்றும் இன்றும்

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று நாளிதழில் வரும் சிறு கட்டத்தைத் தேடிப் படிக்கும் வழக்கம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்றும் உண்டு. கடலை எண்ணெய் டின் என்ன விலை, நல்லெண்ணெய் என்ன விலை, பாமாயில் ஏறியதா இறங்கியதா என்று அதில்தான் பார்ப்பார்கள். ஊருக்கு விருதுபட்டி என்று பெயர் இருந்த நாளிலேயே கரிசல் காட்டு எள்ளும் கடலையும் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மாட்டுச் செக்கில் ஆடிய எண்ணெய் பிறகு ரோட்டரியில் ஆடியது; டின்னில் போனது பாக்கெட்டில் போனது. இதயம் நல்லெண்ணெய் பிறந்தது இந்த ஊரில்தான். கல்லில் எண்ணெய் மிதக்கப் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்கு எண்ணெய் பரோட்டா என்றே பெயர். சாத்தூர் என்றால் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. கொழுப்புக்குப் பஞ்சம் இல்லாத மாவட்டம் இது.

இங்கே பிறந்த ஒரு குழந்தைக்கு எண்ணெயும் நெய்யும் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். பசி நன்றாக எடுக்கிறது. தட்டில் போட்டதை எல்லாம் சாப்பிடுகிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. மலம் பிசுபிசுவென்று, நாற்றத்தோடு, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும்படி போகிறது. சளியும் இருமலும் மாதக்கணக்கில் விடுவதில்லை. தூக்கி முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வருகிற பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உப்பும் எண்ணெயும் உடம்பில் தடம் மாறிப் போகும் பிறவி நோய். இதை மருத்துவ உலகம் எப்படித் தவறாகப் படித்தது, எப்படித் திருத்திக்கொண்டது, அந்தத் திருத்தத்தில் சுண்டெலிக்கும் பன்றிக்கும் என்ன பங்கு என்பது எண்ணெய் ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மெலிந்த பிள்ளை, அன்று

காமராஜர் பிறந்த மண் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர் அவர். அவர் காலத்தில் மெலிந்த பிள்ளை என்றால் ஒரே பொருள்தான்: பசி. அந்தப் பொருள் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. பசியால் மெலியாத பிள்ளைக்கும் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த கர்ப்பம் தரித்ததால் தாய்ப்பால் நின்று மெலிந்தால் சவலை. வயிறு ஊதிக் கழிச்சல் போனால் மாந்தம். உடம்பு காய்ந்து இருமினால் கணை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் இருமலையும் எடைக் குறைவையும் பார்த்துக் காசநோய் மருந்து ஆரம்பிப்பார்கள். காசநோய் மலிந்த நாட்டில் அந்தச் சந்தேகமும் நியாயமானதே.

இந்தப் பெயர்களுக்கு அடியில் எத்தனை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகள் கண்டறியப்படாமலே போயிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. இது வெள்ளைக்காரர்களின் நோய், நம்மவர்க்கு வராது என்றே வெகுகாலம் பாடம் நடந்தது. வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் 1968-ல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். பிறகு டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எஸ்.கே. கப்ராவின் குழு தொடர்ந்து எழுதியது. இந்தியாவில் இது அரிதாக வருவதைவிட அரிதாகக் கண்டறியப்படுவதே பெரிய பிரச்சினை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள், நாட்டிலேயே அதிகம். நம்மவர்க்கு வராது என்று சொல்ல நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

எண்ணெயை விலக்கிய காலம்

நோய்க்குத் தெளிவான உருவம் கொடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் பிணக்கூறு ஆய்வு செய்துவந்த டோரதி ஆண்டர்சன், மெலிந்து இறந்த குழந்தைகளின் கணையம் நார்க்கட்டியாக இறுகிக் கிடப்பதைக் கண்டு 1938-ல் எழுதினார். 1948 கோடையில் நியூயார்க்கை வெப்ப அலை தாக்கியது. வெயிலில் மயங்கி வந்த குழந்தைகளில் பலர் இந்நோயாளிகளாக இருந்தார்கள். அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு போன பால் டி சான்ட் ஆக்னிஸ், 1953-ல் இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று நிறுவினார். முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை ஆயுசோடு இருக்காது என்று ஐரோப்பியப் பாட்டிகள் சொல்லிவந்ததற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

எண்ணெய் விஷயத்தில் அன்றைய மருத்துவம் எடுத்த முடிவு எளிமையானது. கணையக் குழாய் கெட்டியான சளியால் அடைத்துக்கொள்கிறது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் குடலுக்கு வந்து சேர்வதில்லை. தின்ற கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. ஆகவே கொழுப்பைக் குறை. எண்ணெய், வெண்ணெய், முட்டை மஞ்சள் எல்லாம் விலக்கு. மலம் கட்டியாகப் போனது. வயிற்று நோவு குறைந்தது. பிள்ளை மட்டும் வளரவில்லை.

கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் 1970-களில் தலைகீழாகத் திரும்பினார்கள். கொழுப்பைத் தாராளமாகக் கொடு, அதைச் செரிக்க நொதி மாத்திரையையும் சேர்த்துக் கொடு என்றார்கள். பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் நொதி அது. அமெரிக்காவின் பாஸ்டனில் பழைய முறையே நீடித்தது. 1988-ல் இரு நகரத்து நோயாளிகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. நுரையீரலின் திறன் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு எட்டிய வயது பாஸ்டனில் 21, டொராண்டோவில் 30. ஒன்பது ஆண்டு ஆயுள் வித்தியாசம். வளர்ச்சியிலும் டொராண்டோ பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். அதோடு கொழுப்பு விலக்குப் பத்தியம் மருத்துவத்திலிருந்து விடைபெற்றது.

எந்த எண்ணெய்?

கொழுப்பு வேண்டும் என்று முடிவானதும் அடுத்த கேள்வி எழுந்தது. எந்தக் கொழுப்பு?

1962-லேயே அமெரிக்க மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். இந்தக் குழந்தைகளின் ரத்தத்திலும் உடற்கொழுப்பிலும் லினோலெயிக் அமிலம் குறைவு. நம் உடம்பு இதைத் தானாகச் செய்துகொள்ளாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் லினோலெயிக் அமிலம்தான். கடலை எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். பாமாயிலில் பத்தில் ஒரு பங்கு. தேங்காய் எண்ணெயில் மிகச் சொற்பம். செக்கெண்ணெயிலிருந்து ரேஷன் பாமாயிலுக்கு ஒரு வீடு மாறும்போது ருசியோடு இந்தக் கணக்கும் மாறிவிடுகிறது. பால்கோவா எடையைக் கூட்டும். லினோலெயிக் குறையை நிரப்பாது.

குறை தெரிந்தது, காரணம் தெரியவில்லை. கொழுப்பே செரிக்காத குழந்தைக்குக் கொழுப்பு அமிலம் குறைவது இயல்புதானே? அல்லது செரித்தாலும் இந்த உடம்பு அதைத் தவறாகக் கையாள்கிறதா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராபர்ட் எலியட் என்ற மருத்துவர், குடலைத் தவிர்த்துவிட்டு சோயா எண்ணெய்க் கரைசலை நேரே ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார். பலன் தெரிகிறது என்று 1976-ல் எழுதினார். பிந்தைய சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நோயுற்ற குழந்தையில் செரிமானக் கோளாறு, தொற்று, மருந்து, உணவு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்து ஒன்றைப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு விலங்கு தேவைப்பட்டது.

சுண்டெலி சொன்ன சாட்சி

1989-ல் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் இந்நோயின் மரபணுவைக் கண்டுபிடித்தன. சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்துக்கான மரபணு அது. செல்லின் சவ்வுச் சுவரில் குளோரைடு உப்பும் பைகார்பனேட்டும் போய்வரும் கதவுதான் அந்தப் புரதம். 1480 அமினோ அமிலங்களில் 508-வது இடத்தில் ஒன்று விடுபட்டால் போதும், கதவு சுவரில் பொருந்தாமல் உள்ளேயே அழிந்துவிடும். வியர்வைக் குழாயில் உப்பைத் திரும்ப இழுக்க முடியாது. அதனால் தோல் கரிக்கிறது. கணையத்திலும் நுரையீரலிலும் சுரப்பு நீர்த்தன்மை இழந்து பசையாகிறது.

மூன்றே ஆண்டில், 1992-ல், அமெரிக்காவின் வட கரோலினாவில் அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி பிறந்தது. அந்தக் குழுவில் இருந்த ஆலிவர் ஸ்மிதிஸ், எலிகளில் மரபணுவைக் குறிவைத்து மாற்றும் முறைக்காக 2007-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தச் சுண்டெலிகள் மனிதக் குழந்தையை முழுதாகப் பிரதிபலிக்கவில்லை. குடல் அடைத்துப் பல குட்டிகள் செத்தன. திரவ உணவு கொடுத்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆனால் நுரையீரல் மனிதர்களைப் போலக் கெடவில்லை, கணையமும் அந்த அளவுக்குச் சிதையவில்லை. ஆய்வாளர்களுக்கு இது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. கணையம் பெரும்பாலும் வேலை செய்யும் உடம்பில் கொழுப்பு அமிலம் தடம் மாறினால், பழியைச் செரிமானத்தின் மேல் போட முடியாது அல்லவா?

பாஸ்டனில் ஸ்டீவன் ஃப்ரீட்மனின் குழு 1999-ல் முடிவை வெளியிட்டது. நோய் தாக்கும் உறுப்புகளான கணையம், குடல், நுரையீரல் ஆகியவற்றின் செல்சவ்வுகளில் அராக்கிடோனிக் அமிலம் கூடியிருந்தது. மீனில் கிடைக்கும் டி.எச்.ஏ. குறைந்திருந்தது. அராக்கிடோனிக் அமிலம் அழற்சிக்கு மூலப்பொருள். டி.எச்.ஏ. அதற்கு எதிர்த்தட்டு. ஒரு வாரம் நாளுக்கு 40 மில்லிகிராம் டி.எச்.ஏ. ஊட்டியதும் தராசு சமமானது. விரிந்திருந்த கணையக் குழாய்கள் இயல்புக்குத் திரும்பின. 2004-ல் அதே குழு மனிதர்களின் மூக்கிலும் மலக்குடலிலும் எடுத்த திசுவில் இதே ஏற்றத்தாழ்வைக் காட்டியது. நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களிடம் அளவு இடைநிலையில் நின்றது.

செல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காரணத்தையும் ஓரளவு துலக்கின. லினோலெயிக் அமிலத்தை அராக்கிடோனிக்காக மாற்றும் நொதிகள் இந்தச் செல்களில் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. வரவு குறைவு, செலவு அதிகம். அதுவும் அழற்சிக்குத் தீனி போடும் செலவு.

இங்கேதான் நிதானம் வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேறு இரண்டு வகைச் சுண்டெலிகளைச் சோதித்தவர்கள், கொழுப்பு அமிலக் கோளாறுக்கான அறிகுறியே இல்லை என்று அதே 2004-ல் எழுதினார்கள். எலியின் இனம், அதற்குக் கொடுத்த திரவ உணவு, எந்தத் திசுவை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியது. அளவையும் யோசிக்க வேண்டும். சுமார் 20 கிராம் எடையுள்ள எலிக்கு 40 மில்லிகிராம் என்றால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே விகிதத்தில் நாளுக்கு 40 கிராம் டி.எச்.ஏ. வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் 120 மில்லிகிராம்தான் இருக்கும். நாளுக்கு 300 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். மனிதர்களிடம் நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், டி.எச்.ஏ. போன்ற ஒமேகா-3 மாத்திரையை வழக்கமாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றே முடிவு செய்தார்கள்.

எலியின் சாட்சி பொய்யல்ல. கொழுப்பு அமிலக் கோளாறு வெறும் செரிமானப் பிரச்சினை ஆகாது, கதவின் பழுதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் எலியின் தட்டிலிருந்து எடுத்து நேரே பிள்ளையின் தட்டில் வைக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்தே நம்புவதுதான் அறிவியல்.

பன்றியும் ஃபெரட்டும்

எலியின் போதாமை வேறு விலங்குகளைத் தேட வைத்தது. 2008-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு மரபணு நீக்கப்பட்ட பன்றியை உருவாக்கியது. பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் குடல் அடைத்திருந்தது. கணையம் மனிதக் குழந்தைக்கு ஆவதைப் போலவே சிதைந்திருந்தது. சில மாதங்களில் நுரையீரலும் மனித நோயைப் போலவே கெட்டது. கீரியைப் போல் நீண்ட உடம்புள்ள ஃபெரட் என்ற விலங்கிலும் அதே பல்கலைக்கழகத்தில் இந்நோய் உருவாக்கப்பட்டது. நோயுள்ள குட்டியைச் சுமந்த தாய் ஃபெரட்டுக்குக் கதவைத் திறக்கும் மருந்தைக் கர்ப்ப காலத்திலேயே கொடுத்து, குட்டியின் உறுப்புகள் சிதைவதைத் தடுக்க முடியும் என்று 2019-ல் காட்டினார்கள். கருவிலேயே கணையத்தைக் காப்பாற்றலாம் என்பது டோரதி ஆண்டர்சன் கனவிலும் கண்டிராத செய்தி.

கதவைத் திறக்கும் மருந்து

அந்த மருந்துகளில் முதலாவதான ஐவாகாஃப்டர் 2012-ல் வந்தது. 2019-ல் மூன்று மருந்துகள் சேர்ந்த டிரைகாஃப்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உருக்குலைந்த புரதத்தை நிமிர்த்திச் சுவரில் பொருத்தி, கதவையும் திறந்துவிடும் மாத்திரை. இதைச் சாப்பிடுபவர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். எடை கூடிவிடுமே என்று கவலைப்படும் நிலையும் வந்துவிட்டது. கொழுப்பைத் தாராளமாகக் கொடு என்ற விதியையே மேல்நாட்டு மருத்துவர்கள் இப்போது மறுபடி யோசிக்கிறார்கள். விலக்கு என்றார்கள், கொடு என்றார்கள், இன்று ஆளைப் பார்த்துக் கொடு என்கிறார்கள்.

விலைதான் மலை. அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கை இந்நோயை, செலவு மிக அதிகமான மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டில் பெரும்பாலான நோயாளிகளிடம் காணும் அந்த 508-வது பழுது, இந்திய ஆய்வுகளில் பழுதான மரபணுக்களில் 19 முதல் 34 சதவீதம் வரைதான் தென்பட்டது. நம் பிள்ளைகளிடம் வேறு பழுதுகள் அதிகம். அங்கே செய்த பரிசோதனைப் பட்டியலை இங்கே அப்படியே பயன்படுத்தினால் பலர் தப்பிப் போவார்கள்.

நம் ஊரில் இன்று

மழை குறைந்த, ஈரமற்ற காற்றுதான் சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கியது இன்று ஊரின் சோறாக நிற்கிறது. அந்தக் காய்ந்த வெயில்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைக்கு எதிரி. வியர்க்க வியர்க்க உப்பு வெளியேறும். ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும். குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு விழும். இந்தியாவில் பல குழந்தைகள் இப்படித் துவண்டு வந்துதான் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் இந்தப் பிள்ளைக்கு உப்பு கூடுதலாகத் தர வேண்டும். பட்டாசில் அடைக்கும் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்பார்கள். மருந்துத் தூசியும் வெடிப்புகையும் பசைச்சளி அடைத்த நுரையீரலுக்குச் சேராது. ஆலை வேலை முடிந்து வரும் தாய், உடை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்லது.

தட்டில் வைப்பதற்கு வெளியூர்ப் பொருள் எதுவும் தேவையில்லை. நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிய உளுந்தங்களி, கடலை மிட்டாய், முட்டை, தூத்துக்குடியிலிருந்து வரும் மத்தி மீன், சாத்தூர் சேவு எல்லாமே இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடுதான். ஒரே நிபந்தனை: கொழுப்புள்ள ஒவ்வொரு வேளையும் மருத்துவர் சொன்ன அளவில் நொதி மாத்திரை கூடவே போக வேண்டும். அது இல்லாமல் ஊற்றும் எண்ணெய் ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் காயவைத்து இந்நோயைச் சந்தேகிக்கும் முறையை 1979-ல் உலகுக்குக் கொடுத்த குழுவிலும் அந்த ஆக்லாந்து ராபர்ட் எலியட் இருந்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் அது எல்லோருக்கும் வந்து சேரவில்லை. ஆகவே இங்கே முதல் பரிசோதகர் தாய்தான், பாட்டிதான், அங்கன்வாடி ஊழியர்தான், கிராம சுகாதார செவிலியர்தான். நன்றாகச் சாப்பிட்டும் தேறாத பிள்ளை, எண்ணெய் மிதக்கும் மலம், விடாத சளி, உப்புக் கரிக்கும் தோல். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே சவலை என்று விட்டுவிடாதீர்கள். காசநோய் மருந்துக்குக் கேட்காத இருமல் என்றால் இன்னும் விழிப்பாக இருங்கள். குழந்தை மருத்துவரிடம் வியர்வைப் பரிசோதனை செய்யலாமா என்று வாய் திறந்து கேளுங்கள். வியர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளப்பார்கள்; லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்நோய் என்றே கருதி மேற்கொண்டு பார்ப்பார்கள். பெரிய வலி இல்லை, பெரிய இயந்திரமும் வேண்டாம். இந்தப் பரிசோதனை ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

உப்பையும் எண்ணெயையும் அளந்து அளந்தே வாழ்ந்த ஊர் இது. நம் பிள்ளைகளின் வியர்வையில் இருக்கும் உப்பையும் ஒருமுறை அளந்து பார்ப்போம்.